அறுபத்தைந்தாயிரத்துக்கு அந்தப் பக்கம்

புள்ளியக்காவிடம் போய் "இது முடியாது" என்று சொன்ன யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. ஏன் முடியாது, யார் சொன்னது, சொன்னவர் செய்து பார்த்தாரா, எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார் என்று துருவித் துருவிக் கேட்பாள். கடைசியில் வந்தவரே "சரி தாயே, முடியும்னே வெச்சுக்குங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு நழுவ வேண்டியதுதான். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஐம்பத்திரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள்.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. பின்பக்கம், சமையலறைக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற அறைதான் புள்ளியக்காவின் ராஜ்யம். பிள்ளைகளுக்கான பாடப் புத்தகங்களை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தில் அச்சடிப்பது அவள் வேலை. தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகளுக்குச் சொந்தக்காரி என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் புள்ளியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அறையில் இரண்டு மேஜை. ஒன்றில் கம்ப்யூட்டர். வந்து இறங்கிய நாளில் பள்ளியே வரிசையில் நின்று தொட்டுப் பார்த்த கம்ப்யூட்டர்தான். இப்போது அதைச் செய்த கம்பெனியே உலகத்தில் இல்லை. அதன் பக்கத்தில், திரையில் வருவதையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு பேசும் பெட்டி. அதன் குரல் வருடம் முழுக்கச் சளி பிடித்த ஆசாமியின் குரல். அதைக் கேட்டுக் கேட்டே புள்ளியக்கா நிரல் எழுதவும் கற்றுக்கொண்டிருந்தாள். இன்னொரு மேஜையில் பிரெய்ல் அச்சு எந்திரம். அது தடதடவென்று தாளைக் குத்த ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் காதோடுதான் பேச வேண்டும். அந்த எந்திரத்துக்குக் கட்டளை போடும் அட்டை இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் பொருந்தும். புது எந்திரம் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்த தலைமையாசிரியை, பதிலைக் கேட்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

கதவோரம் முக்காலியில் பைண்டர் அண்ணன். அச்சான தாள்களை அடுக்கித் தைத்து அட்டை ஒட்டுவது அவர் பொறுப்பு. வாயில் எந்நேரமும் பேச்சு, கையில் எந்நேரமும் பசை. இருபது வருடமாக இருவரும் ஒரே அறையில். சண்டை போடாத நாள் ஒன்றுகூட இல்லை, பேசாமல் இருந்த நாளும் இல்லை.

விவகாரம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்தது. புள்ளியக்கா படித்த காலத்தில் வடிவியல் பாடம் வந்தாலே ஆசிரியர் அவள் தோளைத் தட்டி, "உனக்கு இது வேண்டாம்மா, விட்டுடு, வேற கேள்வி எழுதிக்கலாம்" என்பார். நல்ல மனுஷர், இரக்கத்தில் சொன்னதுதான். ஆனால் வகுப்பு முழுக்க வட்டமும் முக்கோணமும் பேசிக்கொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மணிநேரங்களை அவள் மறக்கவே இல்லை. வட்டத்துக்குத் தொடுகோடு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தபோது வயது முப்பது. இன்றைக்கும் அதே கதைதான். பிரெய்ல் புத்தகத்தில் படம் வரவேண்டிய இடத்தில் "படம் தவிர்க்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தன் கையாலேயே எத்தனை தடவை அடித்திருக்கிறாளோ, கணக்கே கிடையாது.

இந்த வருடம் பதினோரு பிள்ளைகள் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். புள்ளியக்கா முடிவு பண்ணிவிட்டாள். புத்தகத்தில் உள்ள தொண்ணூற்றாறு படங்களையும் புள்ளி புள்ளியாகக் கோத்துப் புடைத்து நிற்கும் படங்களாகவே கொடுப்பது. இருபதாவது படத்தைச் சேமிக்கும்போது பேசும் பெட்டி மூக்கால் சொன்னது, இடம் இல்லை என்று.

இடம் இல்லாமல் போவது புதிதல்ல. முப்பத்திரண்டு மெகாபைட் ஹார்டு டிஸ்க் அது. இன்றைக்குக் கைபேசியில் பத்துப் படம் எடுத்தால் தீர்ந்துபோகும் இடம். அதற்குள் ஐந்து வகுப்புப் புத்தகங்களும் அடைந்து கிடந்தன. ஒவ்வொரு வருடமும் ஒரு புத்தகத்தை அழித்துத்தான் இன்னொன்று. அழித்ததை மறு வருடம் முதலிலிருந்து அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஹார்டு டிஸ்க்கே சில மாதங்களாக முனகிக்கொண்டிருந்தது, அதில் கொஞ்ச இடம் கெட்டும் போயிருந்தது.

தலைமையாசிரியை வந்து கேட்டுவிட்டு, "படம் இல்லாமலே குடுத்துடலாமேம்மா. பரீட்சையில வேற கேள்வி குடுப்பாங்க, பசங்க எழுதிக்குவாங்க" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் குடுத்தாங்க டீச்சர்" என்றாள் புள்ளியக்கா. தலைமையாசிரியை, பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் முடிந்தால் படத்தோடு, இல்லையென்றால் படமில்லாமல், என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

பைண்டர் அண்ணன் மறுநாளே ஒரு ரிப்பேர் கடையிலிருந்து ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது, முந்நூற்று நாற்பது மெகாபைட். இருவருமாக மாட்டி மின்சாரம் கொடுத்தார்கள். பேசும் பெட்டி அதே முப்பத்திரண்டையே சொன்னது.

"பத்து ரூம் வீட்டைக் குடுத்தாலும் இது வராந்தாவுலதான் படுக்கும் போல" என்றார் பைண்டர் அண்ணன்.

சாயங்காலம் வீட்டில் புள்ளியக்கா இதைச் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருத்தெருவாகப் போய்க் குடிநீர் மீட்டர் பார்க்கிறவர் அவர்.

"இன்னிக்கு ஒரு வீட்டுல இதே கூத்துதான்" என்றார். "மீட்டர்ல நாலு கட்டம்தான். ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுக்கு அடுத்து மறுபடியும் பூஜ்யம். வீட்டுக்காரன் என்னைப் பார்த்து, தம்பி, நான் தண்ணியே பிடிக்கலைன்னு சத்தியம் பண்றான். மீட்டர் பொய் சொல்லலை, பாவம். அதுக்கு அஞ்சாவது கட்டம் இல்லை, அவ்வளவுதான்."

புள்ளியக்கா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அஞ்சாவது கட்டத்தை நாமளே சேர்த்துட்டா?"

"என்னைக் கேட்டா? நான் மீட்டரைப் படிக்கிறவன், செய்றவன் இல்லம்மா."

விஷயம் அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் இயங்குதளம் ஹார்டு டிஸ்க்கைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும். அந்த எண்ணுக்கு இதில் ஒதுக்கியிருந்த கட்டங்கள் குறைவு. அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்தைத் தாண்டி அதற்கு எண்ணவே தெரியாது. அந்தப் பக்கம் எத்தனை அறை இருந்தாலும் இல்லாத மாதிரிதான். கட்டத்தைக் கூட்ட வேண்டுமானால், இயங்குதளத்தில் அறை எண் வந்துபோகும் இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அகலப்படுத்த வேண்டும். நல்லவேளையாக, மூடிப்போன கம்பெனிக்காரர்கள் இயங்குதளத்தின் கட்டளைகளை வரிவரியாக அச்சடித்த தடிப் புத்தகம் ஒன்றைக் கூடவே கொடுத்திருந்தார்கள். நானூறு பக்கம். கண்ணால் படிக்கிற அச்சு.

படிக்க அந்த அறையில் இருந்த கண்கள் பைண்டர் அண்ணனுடையவை மட்டும். தினமும் சாப்பாட்டு வேளையில் அவர் வாசிக்க, புள்ளியக்கா பிரெய்லில் குத்தி எடுத்துக்கொண்டாள். ஒரு வரியாவது அவருக்குப் புரிந்திருக்கும் என்கிறீர்களா? எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் கட்டளைகளை பஸ் நம்பர் கூவுகிற மாதிரி கூவினார்.

"த்ரீ ஏ, டபுள் எஃப், ஜீரோ டூ. இந்த பஸ் எங்க போகும்?"

"வாசிங்கண்ணே."

"டிக்கெட் எடுத்தாச்சு, இறங்குற இடம் தெரியலையேன்னு கேட்டேன்."

ஐந்து வாரம் ஆயிற்று. நாற்பத்து மூன்று இடங்களில் அறை எண் வந்து போவதை அவள் கண்டுபிடித்தாள். நாற்பத்து மூன்றையும் அகலப்படுத்தினாள். தப்பும் தவறுமாகப் பல தடவை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. ஒருநாள் எழுந்து, சளிக் குரலில் "முந்நூற்று நாற்பது" என்றது. பைண்டர் அண்ணன் பசைக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுவிட்டார்.

புள்ளியக்கா லேசில் நம்புகிறவள் இல்லை. சோதித்துப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினாள். ஒவ்வோர் அறைக்குள்ளும் அதன் எண்ணை எழுதுவது, எழுதிய கையோடு திரும்பப் படித்துப் பார்ப்பது, சரியாக இருந்தால் அடுத்த அறை. அவள் தொழிலே அப்படித்தான். ஒரு வரி அடித்ததும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. இரண்டு நாள் ஓடியது சோதனை. பக்கத்தில் ஏழாம் வகுப்பு வரலாற்றை அச்சு எந்திரம் தடதடவென்று குத்திக்கொண்டிருந்தது. ஆறு லட்சத்துச் சொச்சம் அறைகள், ஒரு பிழை இல்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஐந்து வகுப்புப் புத்தகங்களையும் புதியதற்கு மாற்றினார்கள். மாற்றி முடித்த மூன்றாம் நாள் பழையது கண்ணை மூடிவிட்டது. தட்டிப் பார்த்தாலும் சுற்றவில்லை. ஆக, பல வருட உழைப்பும் இப்போது ஒரே இடத்தில். ஆனால் வேலை கிடக்கிறதே. அன்றைக்கே புள்ளியக்கா இருபதாவது படத்தை எடுத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்பதாவது படத்தைச் சேமிக்கக் கட்டளை கொடுத்த நேரத்தில் அச்சு எந்திரம் ஓடவில்லை. தாள் தீர்ந்திருந்தது. பைண்டர் அண்ணன் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அறையில் அப்படி ஓர் அமைதி வருவதே அபூர்வம். அந்த அமைதியில்தான் அவளுக்கு அது கேட்டது. க்ர்ர், க்ர்ர் என்று அடிமூச்சில் எழுதிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க் திடீரென்று நீளமாக இழுத்து, "டக்" என்றது.

அந்த "டக்" அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கேட்கும் சத்தம் அது. எழுதும் ஊசி ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்துக்கு, பூஜ்யமாவது அறைக்குப் போய் நிற்கும் சத்தம். வெகுதூரம் தள்ளிப் போய் எழுத வேண்டியவன் வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறான். மீட்டர் சுற்றிக்கொண்டது.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேஜைக்கடியில் கையை விட்டு ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து தெறித்து வந்தது.

"என்னாச்சு?" என்றார் பைண்டர் அண்ணன்.

"போச்சுண்ணே" என்றாள்.

தொடக்கத்தில் இருப்பது இயங்குதளம். அது போனால் போகட்டும், அதன் நகல் ஃபிளாப்பி என்கிற சின்னத் தட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்து இருப்பதுதான் அட்டவணை, எந்தப் புத்தகம் எந்த அறையில் என்ற குறிப்பு. அதன்மேல் எழுதிவிட்டால் புத்தகங்கள் உள்ளே இருந்தும் இல்லாத மாதிரி. ஃபிளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பி அட்டவணையை வாசிக்கச் சொன்னாள். சளிக் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினாள். பைண்டர் அண்ணன் பசை காய்வதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். பாடமும் படமுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பெயர் இருக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தது. அழிந்தது இயங்குதளம் மட்டும். அந்த முப்பத்தொன்பதாவது படத்தைத் திரும்பப் போட வேண்டும். பிழைத்தோம் என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் எங்கே தப்பு? இரண்டு நாள் தன் பிரெய்ல் குறிப்பைத் திரும்பத் திரும்பத் தடவினாள். நாற்பத்து மூன்று இடமும் சரி. தன்மேல் வந்த கோபத்தில் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தாள். பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம். "படமில்லாமலே அடிச்சுடலாமா?" என்று தலைமையாசிரியை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அந்தத் தடிப் புத்தகத்தையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே வாசிக்கப் போறீங்களா? அப்ப எனக்குச் சாப்பாட்டு வேளை மிச்சம்" என்றார் பைண்டர் அண்ணன்.

அவள் தாள்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தள்ளிக்கொண்டே போனாள். நாளெல்லாம் தாளிலேயே கிடக்கிற விரல். பாதி தாண்டியதும் நின்றது.

"அண்ணே, இந்தத் தாள் மட்டும் ஏன் கனமா இருக்கு?"

அவர் வந்து பார்த்தார். பக்க எண் இருநூற்றுப் பதினொன்று. மறுபக்கம் புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு. நடுவில் இரண்டு பக்கத்தைக் காணோம். அடியில் இருந்த பக்க எண்ணையெல்லாம் யார் வாசித்தது?

"இதை எப்ப பைண்டிங் பண்ணீங்க?"

"நாலு வருஷம் இருக்கும்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "முதுகு கிழிஞ்சு போச்சுன்னு நான்தான் பிரிச்சுக் கட்டினேன். பசை கொஞ்சம் தாராளமா..." அதோடு நிறுத்திக்கொண்டார். இருபது வருடத்தில் அந்த மனிதர் பாதியில் நிறுத்திய வாக்கியம் அது ஒன்றுதான். "இந்தக் கையை வெட்டிப் போடணும்மா."

"வெட்டிட்டா அப்புறம் பக்கத்தை யாரு பிரிக்கிறது? போய் வேலையைப் பாருங்க."

சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவின் ஆவியில் புத்தகத்தைப் பிடித்து, கரண்டிக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, ஓர் எழுத்துகூட உரியாமல் அந்தப் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு வந்தார். வாசித்தார். பஸ் நம்பர் கேலியெல்லாம் இல்லை. உள்ளே இருந்தது நாற்பத்து நான்காவது இடம். கணக்குப் போட்ட அறை எண்ணைக் கடைசியாக ஹார்டு டிஸ்க்கிடம் ஒப்படைக்கும் இடம். மற்ற நாற்பத்து மூன்று இடமும் பார்த்துப் பார்த்து அகலமாக்கி அனுப்பிய எண்ணை அது பழைய வழக்கப்படி நறுக்கென்று வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் என்னாலதான்" என்றார் பைண்டர் அண்ணன்.

"ஒட்டினது நீங்க. கண்டுபிடிக்காம விட்டது நான்" என்றாள் புள்ளியக்கா. "ஒவ்வொரு அறையிலயும் எழுதின கையோட படிச்சுப் பார்த்தேன் பாருங்க, அங்க கோட்டை விட்டேன். தப்பான அறைக்குப் போய் எழுதியிருக்கு. படிக்கச் சொன்னா அதே தப்பான அறைக்குப் போய்ப் படிச்சிருக்கு. சரியாத்தானே இருக்கும்? எல்லா அறையிலயும் எழுதி முடிச்சிட்டு அப்புறமா முதல்ல இருந்து படிச்சிருக்கணும். பிரெய்ல் அடிக்கிற புத்தியிலயே இதையும் பண்ணிட்டேன்."

"அப்ப தப்பு பாதிப் பாதியா?" என்றார் அவர்.

"பாதிப் பாதி. ஆனா பசையைக் குறைங்க."

இந்தத் தடவை புத்தகங்களை முன்னெச்சரிக்கையாக அறுபத்து மூன்று ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை தன் மேஜையிலிருந்தே ஒரு பெட்டி ஃபிளாப்பி கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்து நான்காவது இடத்தைத் திருத்தியானதும் அத்தனை அறைகளிலும் எழுத ஒரு நாள், பிறகு முதலிலிருந்து படிக்க ஒரு நாள். படிக்கும் நாளில் அச்சு எந்திரத்தை ஓடவிடவில்லை. புள்ளியக்கா இரண்டு விரலை ஹார்டு டிஸ்க்கின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூஜ்யமாவது அறையைத் திறந்தபோது உள்ளே பூஜ்யமே இருந்தது, வேறு எவனுடைய எண்ணும் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆகுமுன்பே அறுபத்தைந்தாயிரம் வந்தது. அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து. அடுத்து முப்பத்தாறு. விரலுக்கடியில் ஊசி "டக்" என்று வாசலுக்கு ஓடவில்லை, ஓர் எட்டு முன்னால் வைத்தது. புள்ளியக்கா அழுதுவிட்டாள். பைண்டர் அண்ணன் ஜன்னலைத் திறக்கப் போகிறவர் போல எழுந்து போனார்.

பள்ளி திறந்து நான்காம் நாள் கணக்குப் புத்தகம் வகுப்புக்குப் போயிற்று. மூன்று தொகுதி, தொண்ணூற்றாறு படம், பசை அளவோடு போட்டது. ஐந்து வகுப்புப் புத்தகங்களும் ஃபிளாப்பிகளிலிருந்து திரும்ப ஏறி ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருந்தன, எதையும் அழிக்கவில்லை. தலைமையாசிரியை வந்து பாராட்டினார். புள்ளியக்கா கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு வாரமாக அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. படங்களைத் தொட்டுப் பார்த்தார்களா, வழக்கம்போலத் தாண்டிப் போய்விட்டார்களா என்று கேட்கவும் கூச்சம்.

அடுத்த வாரம், இடைவேளையில், வகுப்பிலேயே வாயாடி என்று பெயரெடுத்த பெண் அச்சறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். இரண்டாம் தொகுதியை மேஜையில் படாரென்று வைத்தாள்.

"புள்ளியக்கா, என்ன இது? முப்பத்தொன்பதாவது படத்தைத் தொட்டுப் பாருங்க. வட்டம் இருக்கு, தொடுகோடு இருக்கு, நடுவுல மையத்தைக் காணோம். மையம் இல்லாம ஆரத்தை எங்க இருந்து வரையுறது? அரை மணி நேரமா நாங்க பதினோரு பேரும் அடிச்சுக்கறோம்."

புள்ளியக்கா அந்தப் பக்கத்தைத் தடவினாள். உண்மைதான். அவசரத்தில் இரண்டாம் முறை போட்ட படம், மையத்துப் புள்ளியை வைக்காமல் விட்டிருந்தாள். அந்தப் பள்ளியில் இத்தனை வருடத்தில் வடிவியல் படம் தப்பு என்று சண்டைக்கு வந்த முதல் பிள்ளை இவள்தான்.

"ஏன்க்கா சிரிக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண், இன்னும் கோபமாக.

"சிரிக்கலடி. உட்காரு" என்றாள் புள்ளியக்கா. கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பி முப்பத்தொன்பதாவது படத்தைத் திறந்தாள். "மையம் எந்த இடத்துல வரணும், சொல்லு."